ஜெயசிங் இப்பல்லாம் லென்ஸைப் பத்திப் பேசுறதில்ல

இங்க பாருங்க அண்ணாச்சி, என்னைப் பாருங்க, கவரைத்தான் கொடுத்தாச்சுல்லா, கையை இறக்குங்க, மைனி நீங்க கொஞ்சம் பொண்ணுப் பக்கமா நெருங்கி நில்லுங்க, பாப்பாவைத் தூக்கிக்கிடுங்க, ஆங், இங்க, இங்க, எடுத்தாச்சு, அடுத்து யாரு, வாங்க வாங்க. தாலி கட்டின கையோட பாளையங்கோட்டையே இந்த மேடையில ஏறுது. இனி பந்தி முடியிற வரைக்கும் எனக்கு ஒரு வாயும் ஒரு விரலும் இருந்தாப் போதும், மூளைக்கு ஒரு சோலியும் கிடையாது. அதுதான் வம்பு. சோலி இல்லன்னா அது நேரா ஜெயசிங்கிட்டப் போய் நின்னுக்கிடுது. அந்தா நிக்கான். மண்டபத்துக் கடைசியில, வாசல்ல கட்டின வாழைமரத்துக்குப் பக்கத்துல, வீடியோ கேமராவை ஸ்டாண்டுல போட்டு, அதுக்கு மேல புதுசா வாங்கின பெரிய மானிட்டரை மாட்டிக்கிட்டு, ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி. எங்க ஸ்டூடியோ பேரு ஜெயவேல். ஜெய அவன், வேல் நான், சங்கரவேல். ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகுறதுக்கு முந்தியே மாட்டின போர்டு. போன மாசம் வரைக்கும் அவன் போட்டோ, நான் வீடியோ. திடீர்னு ஒருநாள், மாத்திக்கிடுவமாலன்னு கேட்டான். எதுக்குன்னேன். சும்மாதாம்ல, ஒரு மாறுதலுக்குன்னான். ஜெயசிங்காவது, சும்மா ஒண்ணைச் செய்யறதாவது. டீயில சீனியைக் குறைச்சதுக்கே, சீனி கூடுனா டீயோட ருசி தெரியாதுலன்னு அரைமணி நேரம் வெளக்கம் சொன்ன மனுசன். இதுக்கு ஒரு வரியில பதில் சொல்லுதான்னா உள்ள என்னமோ இருக்கு. சார், கண்ணாடியைக் கழட்டிருங்க, லைட்டு அடிக்கி. இங்க பாருங்க. எடுத்தாச்சு.

இது இன்னைக்கு நேத்து வந்த சந்தேகம் இல்ல, அந்த லென்ஸுல இருந்து ஆரம்பிச்சது. எங்க ஜில்லா போட்டோகிராபர்களுக்கு ஒரு வாட்ஸாப் குரூப் இருக்கு, பேரே 'வந்தா சொல்லுங்க'. வந்துட்ட கேமராவைப் பத்தி அங்க ஒருத்தனும் பேச மாட்டான், இனி வரப்போறதைப் பத்தித்தான் பேச்சு. தூத்துக்குடி ரொசாரியோன்னு ஒருத்தன் எங்கெங்கயோ இருந்து திருட்டுத்தனமா எடுத்த படத்தைப் பிடிச்சுக்கிட்டு வருவான், துணி சுத்தின ஒரு லென்ஸு, அதைப் பிடிச்சிருக்க ஒரு கை, அவ்வளவுதான். உடனே இங்க அம்பது பேரு அந்தக் கையோட பெருவிரல் அகலத்தை வச்சு லென்ஸோட வாய் எத்தனை பெருசுன்னு கணக்குப் போடுவான். நகத்துல விழுந்த வெளிச்சத்தைப் பெருசாக்கி, இது ஜன்னல், இது கம்பெனிக்காரன் ஆபீஸுன்னு ஒருத்தன் சொல்லுவான். சட்டைக் கையைப் பாத்து அந்த ஊர்ல குளிர்காலம்னு இன்னொருத்தன். இந்தக் கூத்துக்கு ராஜா யாருன்னா ஜெயசிங். கல்யாண மண்டபம் முழுக்க ஒரே லென்ஸுல அடங்கணும், இருட்டுக் கருவறை வாசல்லயும் ஃப்ளாஷ் இல்லாம எடுக்கணும், அப்படி ஒண்ணு வரும், எழுதி வச்சுக்கோன்னு சத்தியம் பண்ணுவான். அடுத்து வரப்போற சினிமா கேமரா உள்ளங்கையில அடங்கும், உள்ள ஃபேன் இருக்கும், நம்ம ஒரு குறும்படம் எடுப்போம்ல வேலு, சாவுறதுக்குள்ள ஒண்ணாவது எடுப்போம்னு வேன் ஓட்டிக்கிட்டே பேசுவான், பேச்சு சுவாரசியத்துல கங்கைகொண்டான் தாண்டி டீக்கடையைக் கோட்டை விட்டுருவான். அந்த ஜெயசிங், ரொசாரியோ போன மாசம் போட்ட படத்துக்கு ஒரு வார்த்தை பேசல. குரூப்பே தீபாவளி மாதிரி வெடிச்சுக்கிட்டு இருக்கு, இவன் கம்முனு இருக்கான். நான் படத்தைக் காட்டி, பாத்தியால, வாய் எவ்வளவு அகலம் பாருன்னேன். போனை மூஞ்சிக்கிட்டக் கொண்டு போனான், திருப்பிக் கொடுத்துட்டான். வந்தா பாத்துக்கிடலாம்ல, எது வந்தா என்னன்னான். எது வந்தா என்னவாம்! எனக்குச் சுருக்குன்னுச்சு.

ஏன் சுருக்குன்னுச்சுன்னா எங்க குரூப்புல ஒரு கணக்கு உண்டு. வரப்போற கேமராவைக் கம்பெனிக்காரன் முன்கூட்டியே நாலஞ்சு பேருகிட்டக் கொடுத்து ஓட்டிப் பாக்கச் சொல்லுவான், வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிக்கிடுவான். அதனால எவன் சத்தமாப் பேசுதானோ அவன்கிட்ட ஒண்ணும் கிடையாது. நல்லாப் பேசிக்கிட்டு இருந்தவன் திடீர்னு வாயை மூடுனா அவன் கைக்குப் பொருள் வந்தாச்சுன்னு அர்த்தம். ரொசாரியோ இதைச் சொன்னப்ப நாங்க சிரிச்சோம். அப்புறம் நாகர்கோவில்காரன் ஒருத்தன் அப்படித்தான் திடீர்னு அடங்கிப் போனான், என்னடான்னு பாத்தா கேமரா வெளியான அன்னைக்கு அவன் எடுத்த வீடியோ கம்பெனி பக்கத்துலயே ஓடுது. அன்னையில இருந்து குரூப்புல யாராவது ரெண்டு நாள் பேசலன்னா எல்லாரும் அவனைத்தான் பாப்போம், காய்ச்சல்ல படுத்திருந்தவனைக்கூட விட்டதில்ல. அப்ப ஜெயசிங்குக்கு எவன் கொடுத்தான்? எங்களை மாதிரி சின்ன ஸ்டூடியோவுக்கு நேராக் கொடுக்க மாட்டான். சென்னையில பெரிய பெரிய கல்யாணக் கம்பெனி எல்லாம் இருக்கு, நட்சத்திரங்க வீட்டுக் கல்யாணம் எடுக்கிறவங்க, அவங்க வழியாத்தான் வந்திருக்கும். அப்ப இவன் அவங்களோட சேந்துட்டான். சேந்துட்டு என்கிட்ட சொல்லாம, என்னைய எப்பக் கழட்டி விடலாம்னு நாள் பாத்துக்கிட்டு இருக்கான். மாமா, நீங்க உயரம், பின்னால போங்க, அத்தையை முன்னால விடுங்க. சிரிங்கத்தை, கல்யாண வீடுதான இது. எடுத்தாச்சு.

சந்தேகம்னு ஒண்ணு வந்த பெறகு படத்தைப் பெருசாக்கிப் பாக்குற மாதிரி ஒவ்வொண்ணாத் தெரியுது. அந்த மானிட்டரை எடுத்துக்கோ. எங்க கேமராவுக்கு அவ்வளவு பெரிய மானிட்டர் எதுக்கு? அது சினிமா கேமராவுக்கு மாட்டுறது. கேமரா வாரதுக்கு முந்தி மானிட்டரை வாங்கிப் பழகுதான். சரி, அது போகட்டும். மதுரைக்கு எதுக்குப் போறான்? ஒரு செவ்வாய்க்கிழமை, சொந்தக்காரங்க வீட்டு விசேஷம்னான். அடுத்த மாசமும் அதே விசேஷம். எந்தச் சொந்தக்காரன்ல மாசாமாசம் விசேஷம் வைக்கான்? நூல் விட்டுப் பாத்தேன், யாரு வீட்டுல, உங்க பெரியப்பா மகள் வீடான்னேன். ம்னான். அந்தப் பிள்ளைய திண்டுக்கல்லுல கட்டிக் கொடுத்தது எனக்குத் தெரியாதா, நான்தான வீடியோ எடுத்தேன். சென்னைக்காரன் பாதி தூரம் இறங்கி வந்திருக்கான், இவன் பாதி தூரம் ஏறிப் போயிருக்கான், மதுரையில வச்சுப் பேசி முடிச்சுட்டாங்க. அப்புறம் வேன். உசுரே போனாலும் ஸ்டியரிங்கை என்கிட்டக் கொடுக்காதவன், நீ ஓட்டுனா ஆட்டு மந்தையைப் பத்துற மாதிரி இருக்கும்பான், இப்ப நீயே ஓட்டுலன்னு சாவியைத் தூக்கிப் போடுதான். பக்கத்து சீட்டுல உக்காந்து கண்ணை மூடிக்கிடுதான். தூங்கல, எனக்குத் தெரியும், தூங்குறவன் தொடையில விரலைத் தட்டிக்கிட்டு இருக்க மாட்டான். யோசிக்கான். எனக்கு எப்படிச் சொல்லுறதுன்னு யோசிக்கான். எல்லாத்துக்கும் மேல அந்தப் பார்வை. என் மூஞ்சிய நேருக்கு நேராப் பாத்துப் பேசி எத்தனை நாளாச்சு! பேசும்போது என் காதுக்குப் பக்கத்துல எங்கயோ பாக்கான், சுவத்தைப் பாக்கான், காலண்டரைப் பாக்கான். குத்தமுள்ள மனசு கண்ணைப் பாக்குமா? காலையில இந்த மேடையில லைட்டு மாட்டிட்டு இறங்கும்போது என் தோள்ல கையைப் போட்டுக்கிட்டு இறங்கினான். தோள்ல கை போடுற பழக்கமே கிடையாது அவனுக்கு. சோப்புப் போடுதான். போகும்போது கசப்பு இல்லாமப் போகணும்னு நினைக்கான் போல. எனக்கு அந்தக் கை பட்ட இடம் இன்னும் எரியுது, நானும் தட்டி விடல, அதையும் சொல்லணும்.

பொத்தியும் பொத்தாமலும் எத்தனை நாள் இருக்கிறது? அதான் காலையில வேனுல இருந்து இறங்குன உடனே பால்ராஜுக்கு ஒரு மெசேஜைத் தட்டிவிட்டேன். கோவில்பட்டிக்காரன், நல்ல கையி. வர்ற முகூர்த்தத்துக்கெல்லாம் என்கூட வாரியான்னு கேட்டிருக்கேன். ஜெயசிங் அந்தப் பக்கம் ஸ்டாண்டை இறக்கிக்கிட்டு இருந்தான், நான் வேனுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு தட்டினேன், நான் எதுக்கு ஒளியணும்? அவன் கம்பி நீட்டுறதுக்கு முந்தி நான் ஒரு ஆளைப் பிடிச்சு வைக்கேன், இதுல என்ன தப்பு. பந்தியில உக்காந்த உடனே நேராக் கேட்டுரப் போறேன், சென்னையில சேந்தாச்சாமேன்னு. சாம்பாரு ஊத்தும்போதே கேட்டுரணும், பாயசம் வரைக்கும் வச்சா மனசு இளகிரும். ஆமான்னு சொன்னான்னா இன்னைக்கோட முடிஞ்சுது. போர்டுல ஜெயவை எடுத்துட்டா வேல்னு மட்டும் நிக்கும், முருகன் கோவில் பாத்திரக்கடை மாதிரி. சட்டைப் பையில போன் நடுங்குது. பால்ராஜா, ரொசாரியோவா? பாக்க முடியாது, ஒரு குடும்பமே ஏறி நிக்குது, பெரியவரே, பெரியவரே, இங்க, என் கையைப் பாருங்க, விரலைப் பாருங்க, ஆங். பாவம், அவருக்கு எங்க பாக்கணும்னே தெரியல, லைட்டு வெளிச்சத்துல கண்ணு கூசுது. எடுத்தாச்சு தாத்தா, பாத்து இறங்குங்க.

ஆனா ஒரு விஷயம் இன்னைக்குத்தான் உறுதியாச்சு. எங்களுக்குள்ள ஒரு சைகை உண்டு. மண்டபத்துல நாதஸ்வரமும் மைக்கும் கத்துற கத்துல வாயால பேச முடியாது. மேடையில நிக்கிறவன் ரெண்டு விரலைத் தூக்குனா கிட்டக்க இழுத்து எடுன்னு அர்த்தம், வீடியோவுல நிக்கிறவன் இடது கையை லேசா உயத்துனா சரின்னு அர்த்தம். எத்தனை கல்யாணம், எத்தனை சடங்கு, எத்தனை சண்டை, ஒருநாளாவது அந்த இடது கை வராம இருந்திருக்கா? கடையில வச்சு ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போன அன்னைக்குக்கூட மண்டபத்துல அந்தக் கை வந்துச்சு. இன்னைக்குப் பொண்ணோட அம்மா அழுதப்ப ரெண்டு விரலைக் காட்டினேன். அவன் என்னையத்தான் பாத்துக்கிட்டு நின்னான், நல்லாத் தெரியுது, முகம் நேரா என் பக்கம். கை வரல. மாலை மாத்தும்போது காட்டினேன். வரல. அப்ப வேணும்னே செய்யறான். இனி உன் சைகைக்கு ஆடுற ஆளு நான் இல்லங்கான். சரிடா மகனே. உன் மூஞ்சிய நல்லாப் பாத்துக்கிடுதேன். இடுப்புல தொங்குற இன்னொரு கேமராவுல தூரத்து லென்ஸு கிடக்கு, மேடையில இருந்து வாசல்ல நிக்கிறவனோட மீசை முடியை எண்ணலாம். வரிசையில அடுத்த ஆளு செருப்பைத் தேடுதாரு, ஒரு நிமிசம் கிடைச்சுது. தூக்கி அவன் மேல வச்சேன். ஒளிஞ்சிருந்து திருடனைப் பாக்குற மாதிரி இருக்கு.

மானிட்டர் மேல மூக்கு இடிக்கிற மாதிரி குனிஞ்சு நிக்கான். இது என்ன நிப்பு? மானிட்டர்ல சிவப்புக் கோடு கோடா ஓடுது, அவன் கண்ணாடியில அந்தச் சிவப்பு விழுது. ஃபோகஸ் எங்க நிக்குன்னு சிவப்பாக் காட்டுற அந்தக் கோட்டைப் போடுறவனை எல்லாம் அவன் கிண்டல் பண்ணுவான், கண்ணு இருக்கவனுக்கு அது எதுக்குலன்னு. இவன் போட்டிருக்கான், அதுவும் மொத்தமா. நிமிந்தான். நேரா என்னைப் பாத்தான். லென்ஸுக்குள்ள அவன் கண்ணு ரெண்டும் என் கண்ணுக்குள்ளயே பாக்குது, அவ்வளவு கிட்டக்க. நான் ஒரு கையில கேமராவைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால ரெண்டு விரலைத் தூக்கினேன். அந்த முகத்துல ஒண்ணுமே நடக்கல. கோவம் இல்ல, வீம்பு இல்ல, என்னைப் பிடிக்காத முகம் இல்ல அது. ஆள் இல்லாத மேடையப் பாக்குற முகம். விரலை இறக்காமலே நின்னேன். அவன் மெதுவாத் தலையைத் திருப்பினான், வாழைமரத்துப் பக்கம், என்னைய விட்டுட்டு, எங்கயோ ஓரத்துல பாக்கான். பாத்துக்கிட்டே இருந்தவன் சட்டுனு இடது கையை உயத்தினான். சரின்னு. என்னைப் பாத்தா நான் தெரியல அவனுக்கு. வேற எங்கயோ பாத்தாத்தான் நான் தெரியுதேன். அட கடவுளே. சுவத்தைப் பாத்தது, காலண்டரைப் பாத்தது, என் காதைப் பாத்தது எல்லாம் என்னையப் பாக்குறதுக்குத்தானா? அப்ப வேன் சாவி. அப்ப மானிட்டர். ரொசாரியோவோட படத்தை மூஞ்சிக்கிட்டக் கொண்டு போனானே, லென்ஸோட வாய் அவனுக்குத் தெரிஞ்சுதோ என்னமோ, எது வந்தா என்னன்னானே. டீயில சீனி. மதுரையில கண்ணாஸ்பத்திரி இருக்குன்னு சின்னப்பிள்ளைக்குத் தெரியும், எனக்குத் தெரியலையே. காலையில தோள்ல விழுந்த கை சோப்பு இல்ல, அவனுக்குப் படி தெரியல. பெருவிரலை அளந்து லென்ஸைக் கண்டுபிடிக்கிற மூதேவி நான், பக்கத்து சீட்டுல இருக்கவனைக் கண்டுபிடிக்கல. போட்டோக்கார அண்ணே, போட்டோக்கார அண்ணேன்னு யாரோ கூப்பிடுதாங்க. இந்தா, இந்தா வந்துட்டேன். இங்க பாருங்க. குரல் எனக்கே வேற யாரு குரலோ மாதிரி இருக்கு.

வரிசை அடங்கி, பந்திக்குக் கூட்டம் ஓடின பெறகு மாப்பிள்ளை சொல்லுதாரு, அண்ணாச்சி, நீங்களும் அந்த அண்ணனும் மேல வாங்க, எங்களோட ஒண்ணு எடுத்துக்கிடுங்க. இது எல்லாக் கல்யாணத்துலயும் உள்ளதுதான், கடைசியில எங்களையும் கூப்பிட்டு நிப்பாட்டுவாங்க. அவருக்கு ஒரு சேக்காளி, காலேஜ்ல கூடப் படிச்சவராம், கேமராவை நான் எடுக்கேன்னு வாங்கிக்கிட்டாரு. ஜெயசிங் நாற்காலிகளைத் தொட்டுத் தொட்டு வாரான், ஒவ்வொண்ணையும் ஒழுங்குபடுத்துற மாதிரி, சாமர்த்தியக்காரன், ஒரு ஆளு கண்டுபிடிக்க முடியாது. நான் மேடையை விட்டு இறங்கிப் படிக்குக் கீழ போய் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னேன், தோளை அவன் கைக்கு எட்டுற மாதிரி வச்சுக்கிட்டு. ஒரு நொடி ஒண்ணும் வரல. அப்புறம் கை வந்துச்சு. ஏறினோம். மாப்பிள்ளைக்கு அந்தப் பக்கம் பொண்ணு, இந்தப் பக்கம் நாங்க. சேக்காளி கேமராவை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாமத் தடவிக்கிட்டு இருக்காரு. மதுரைக்கு எதுக்குல போனன்னு கேட்டேன், உதட்டை அசைக்காம. அவனும் அசைக்காமச் சொன்னான். சுகருல. நேராப் பாத்தா நடுவுல ஒரே கறுப்பா இருக்குல வேலு, ஓரத்துல மட்டும் தெரியும். கண்ணுக்குள்ள ஊசி போடுதாங்க, இன்னும் போடணும், கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்னாங்க. என்கிட்ட சொல்றதுக்கு என்ன கொள்ளைன்னேன், சத்தம் வந்துருச்சு, பொண்ணு திரும்பிப் பாத்துது. அவன் சிரிச்ச மாதிரியே நின்னுக்கிட்டு, நீ ஒரு மாசமா என்னையே ஒரு மாதிரி நோட்டம் பாத்துக்கிட்டு இருந்த, குரல்லயே தெரிஞ்சுது, கண்டுபிடிச்சுட்டான், ஆளை மாத்தப் போறான்னு நினைச்சேன், அதான் நீயாச் சொல்லட்டும்னு இருந்தேன்னான். பையில போன் மறுபடி நடுங்குது. பால்ராஜாத்தான் இருக்கும். சரின்னு சொல்லியிருப்பான், நல்ல பய. அவனுக்கு என்ன பதில் சொல்லுறதுன்னு இப்ப எனக்குத் தெரியும், வேண்டாம்பேன். ஆமா, உன்னைய மாத்திட்டாலும்னு ஜெயசிங்கிட்டச் சொன்னேன். அப்புறம் சொன்னேன், அந்த லென்ஸு வருதுல, ரொசாரியோ சொல்லுதான், வரட்டும், நம்மகிட்ட இருக்க ஆளை வச்சுத்தான் அந்தக் குறும்படத்தை எடுப்போம், நீ சொல்லு நான் பிடிக்கேன். அண்ணே ரெடியா, இங்க பாருங்கன்னு சேக்காளி கத்துதாரு, காலையில இருந்து நான் கத்தினதையே. ஜெயசிங் என் பக்கம் லேசாச் சாஞ்சு கேட்டான், எங்கல பாக்கணும்? இத்தனை வருஷம் பாளையங்கோட்டையையே இங்க பாரு அங்க பாருன்னு நிப்பாட்டி வச்சவன். நான் அவன் தாடையைப் பிடிச்சு மெதுவாத் திருப்பி, இந்தா, இங்க, இப்படியே இருன்னேன். எடுத்தாச்சுன்னாரு. வாங்கிப் பாத்தேன், ஃபோகஸ் பரவாயில்ல, வெளிச்சம் பரவாயில்ல. மாப்பிள்ளை கேமராவைப் பாக்காரு, பொண்ணு கேமராவைப் பாக்குது, ஜெயசிங் நேரா, அம்சமா கேமராவைப் பாக்கான். நான் ஒருத்தன்தான் கேமராவைப் பாக்காம அவனைப் பாத்துக்கிட்டு நிக்கேன். வேற யாராவது இப்படி நின்னிருந்தா சத்தம் போட்டு இன்னொன்னு எடுத்திருப்பேன். இதைப் போதும்னு விட்டுட்டேன்.